இரண்டாவது சில்லு

பனகல் சாலைப் பெரியாஸ்பத்திரி,
ஆய்வகத்தின் கடைசி ஜன்னலோரம்
பதினாறு வருஷமாகக் குனிந்திருக்கிறேன்.
இந்த ஜில்லாவின் பெண்களை
முகத்தால் எனக்குத் தெரியாது.
கருப்பை வாயில் வழித்தெடுத்த
ஒரு தீற்றல் சளியால் தெரியும்.

ஒச்சம்மாள், வயது முப்பத்தொன்பது,
அனுப்பானடி, அப்பளக் கம்பெனி.
சீட்டில் அவ்வளவுதான் இருந்தது.
சாயம் ஏறிய அவளுடைய செல்கள்
பாயில் காயப்போட்ட அப்பளம் மாதிரி
தட்டையாய், ஓரம் மடங்கி,
ரோஸும் நீலமுமாய்ப் பரந்து கிடந்தன.
நடுவில் மிளகளவு கரு.
அப்படித்தான் இருக்க வேண்டும்.
இருந்தது, முக்கால்வாசி இடத்தில்.

வலது மூலையில் ஒரு கொத்து
அப்படி இல்லை.
கரு ஊதிக் கறுத்து,
விளிம்பு கோணி,
சுற்றிலும் வெளிறிய வளையம்;
பந்திக்கு முந்தியவர்கள் போல
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து.
மையால் புள்ளி வைத்தேன்.
டாக்டர் ரெஜினா பார்த்தார்.
முதல் படி, என்றார்.
வெட்ட வேண்டாம், சுட வேண்டாம்,
ஒரு வருஷம் பார்ப்போம்.

வராந்தாவில் அவள் போட்ட சத்தம்
உள்ளே வரைக்கும் கேட்டது.
"பார்க்கிறதுக்கா
அரைநாள் கூலியை விட்டுட்டு வந்தேன்?
தப்பா இருக்குன்னா அறுத்து எறியுங்க.
இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க.
ரெண்டுங்கெட்டானா
என்னத்தத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக?"

நியாயம்தான்.
காத்திரு என்பதை
எந்தச் சீட்டில் எழுதி
எந்த ஜன்னலில் வாங்குவது?

சித்திரைக் கூட்டம் வந்து கலைந்தது.
மைக்ரோஸ்கோப் பல்பு
இரண்டு தரம் எரிந்துபோனது.
அவள் உடம்புக்குள் என்ன நடந்ததென்று
யாரும் பார்க்கவில்லை.

பதினாலாம் மாசம் வந்தாள்.
இரண்டாவது சில்லு.
மூலை மூலையாகத் தேடினேன்.
திருடன் புகுந்த வீட்டில்
எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தால்
எப்படித் திக்கென்றிருக்கும், அப்படி.
எண்ணைச் சரிபார்த்தேன், பேரைச் சரிபார்த்தேன்.
மாறிப்போயிருக்குமோ என்று
பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அவளேதான்.
அதே அப்பளம், அதே மிளகு.
கொத்து மட்டும் இல்லை.

நரியெல்லாம் குதிரையாகி
லாயத்தில் கொள்ளு தின்று
ஒரே ராத்திரியில் திரும்ப நரியாகிக்
கட்டறுத்து ஓடின ஊர் இது.
ஆவணியில் இன்னும் நடத்துகிறார்கள்.
சின்ன வயதில் அந்த ராத்திரிதான் பயம்.
இப்போது அந்த ராத்திரிதான் பிடிக்கிறது.
உருமாறினதெல்லாம்
மாறினபடியே நிற்க வேண்டும் என்று
சட்டமா இருக்கிறது?
லாயக்காரனுக்கு என்ன நஷ்டமோ,
நரிக்குத் தன் தோல் கிடைத்தது.

படிவத்தில் இதற்கு இடமில்லை.
'மாற்றம் எதுவும் காணப்படவில்லை.'
அவ்வளவுதான் எழுதலாம்.
வந்திருந்தது, போய்விட்டது
என்று எழுதக் கட்டம் கிடையாது.
உடம்பு தானே கூடிப் பேசி,
தானே விரட்டி,
கூலி கேட்காமல் கலைந்த வேலைக்கு
டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அதே தட்டில் அடுத்த சில்லு
வாடிப்பட்டிக்காரி ஒருத்தியுடையது.
அதுவும் முதல் படியில்தான் ஆரம்பித்தது.
அது திரும்பவில்லை.
ஏன் என்று கேட்டால்
கண்ணாடி சொல்லாது.

"அப்போ அது எங்க போச்சு?"
"எங்கயும் போகலை. சரியாயிருச்சு."
"நான் ஒண்ணும் பண்ணலையே."
"ஆமா."
ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள்.
ஏமாந்தவள் மாதிரிகூட இருந்தது.
"ஒரு வருஷமா ராத்தூக்கம் இல்லை," என்றாள்,
"அதை யாரு திருப்பிக் குடுப்பா?"

மூணு வருஷம் கழித்து வரச் சொன்னேன்.
காகிதத்தை நாலாக மடித்துப்
பர்ஸில் பஸ் காசோடு வைத்துக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சாயங்காலம், எல்லோரும் போனபின்
டப்பாவிலிருந்து புதுச் சில்லு ஒன்றெடுத்து
சொரசொரத்த ஓரத்தில் பென்சிலால்
என் பேரை எழுதினேன்.
வயது நாற்பத்தைந்து.
பதினாறு வருஷத்தில் முதல் தடவை.
எழுத்து கொஞ்சம் கோணியது.